பேலோடர் பின்புறத்துக்கு லேசர் ஸ்கேனர்: பொய் அலாரம் இல்லாமல் பொருத்துவது எப்படி

கிரஷர் யார்டில் ஒரு டிப்பரை நிரப்பி முடிப்பதற்குள் பேலோடர் (முன் பக்கெட்டால் ஜல்லியை அள்ளிக் கொட்டும் வண்டி) பல தடவை ரிவர்ஸ் வந்துவிடும். அந்த நேரத்தில் ஆபரேட்டருக்குப் பின்னால் இருப்பது இன்ஜின் பானெட், ரேடியேட்டர், முன் பக்கெட்டின் எடைக்கு ஈடாக வைத்த இரும்புப் பாளமான கவுண்டர் வெயிட். கவுண்டர் வெயிட்டை ஒட்டிக் குனிந்து நிற்கும் ஆள் கண்ணாடியில் தெரியமாட்டார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியமாட்டார். ரிவர்ஸ் ஹாரன் இருக்கிறதுதான். நாலு வண்டி ஒரே நேரத்தில் ஓடும் இடத்தில் எந்த ஹாரன் தன்னை நோக்கி வருகிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. பின்னால் ஆள் இருப்பதை ஆபரேட்டருக்குச் சொல்ல ஒரு கருவி வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

ஸ்கேனரை வாங்கிப் போல்ட் போட்டு முடுக்குவது இந்த வேலையில் சுலபமான பாதி. புழுதிக்கும் மேட்டுக்கும் ஜல்லிக் குவியலுக்கும் அது கத்திக்கொண்டே இருந்தால், சில நாளில் பஸ்ஸர் ஒயர் பிடுங்கப்பட்டுவிடும். காரணமில்லாமல் காதோரம் நாள் முழுக்கக் கத்தும் பஸ்ஸரை யாராலும் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆகவே கீழே சொல்லும் அளவுகளில் பெரும்பகுதி ஆளைக் கண்டுபிடிப்பதற்கானது அல்ல. ஆள் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருக்க வைப்பதற்கானது.

என்ன கருவி

இங்கே எடுத்துக்கொள்வது ஒற்றைத் தள லேசர் ஸ்கேனர். உள்ளே சுழலும் கண்ணாடி, 905 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்புத் துடிப்புகளை விசிறி போலப் பரப்புகிறது. துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. போய்வரும் நேரத்தில் ஒவ்வொரு நானோ வினாடிக்கும் 15 செ.மீ. தூரம். கண்ணுக்குத் தெரியாத ஒளி என்றாலும் வகுப்பு 1 லேசர் என்பதால் கண்ணுக்கு ஆபத்தில்லை. வாங்கும்போது உறையில் அந்த வகுப்பு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சிக் நிறுவனத்தின் டிம், எல்எம்எஸ் வரிசைகள் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுகின்றன. எந்த நிறுவனம் என்பதைவிட இந்த விவரங்கள் முக்கியம்: பார்வைக் கோணம் 270 டிகிரி, தூசும் தண்ணீரும் புகாத ஐபி67 உறை, கோண இடைவெளி 0.33 டிகிரிக்கு மேற்படாமல், வினாடிக்கு 15 சுற்றாவது, எல்லைகளை (ஆள் நுழைந்தால் எச்சரிக்க வேண்டிய பரப்புகளை) கருவிக்குள்ளேயே வரைந்து வைத்துக்கொள்ளும் வசதி, குறைந்தது மூன்று சுவிட்ச் அவுட்புட், எல்லைத் தொகுப்பை மாற்றும் இன்புட்டுகள். கண்ணாடி அழுக்கானால் தானே சொல்லும் வசதி இருந்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது அதை எடுங்கள். ஏன் என்பது பிறகு வரும்.

தூரத்தைப் படிக்கும்போது கவனம். விவரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் தூரம் பெரும்பாலும் வெள்ளைப் பரப்புக்கானது. நமக்கு வேண்டியது 10 சதவீதம் மட்டும் பிரதிபலிக்கும் கறுப்புப் பரப்புக்கான தூரம். கிரீஸ் படிந்த கறுப்புப் பேன்ட் அந்த ரகம். அந்த அளவில் 8 மீட்டர் கிடைத்தால் நமக்குப் போதும்.

0.33 டிகிரி என்றால் 8 மீட்டரில் இரண்டு கதிர்களுக்கு நடுவே 46 மி.மீ. இடைவெளி. 10 செ.மீ. தடிமனுள்ள காலில் இரண்டு கதிர் விழும். 1 டிகிரி இடைவெளியுள்ள மலிவான கருவியில் அதே இடத்தில் 14 செ.மீ. இடைவெளி, காலுக்கு இருபுறமும் கதிர் போய்விடலாம்.

ரேடார் போதாதா என்று கேட்பார்கள். ரேடார் புழுதியைத் தாண்டிப் பார்க்கும். அந்த வகையில் லேசரைவிட மேல். ஆனால் எல்லையின் ஓரத்தை லேசர் சில செ.மீ. துல்லியத்தில் வெட்டித் தரும், ரேடார் தராது. குவியலுக்கும் டிப்பருக்கும் நடுவே நெருக்கமாக ஓடும் வண்டிக்கு அந்த வெட்டு தேவை. புழுதி நாள் முழுக்கப் பனிமூட்டமாக நிற்கும் உலர் கிரஷரில் ரேடாரை வாங்குங்கள். தண்ணீர் தெளிக்கும் யார்டு, எம்-சாண்ட் கழுவும் ஆலை ஆகியவற்றுக்கு லேசர் சரி.

கூடவே வேண்டியவை

- 18–36 வோல்ட் வாங்கி நிலையான 24 வோல்ட் தரும், இருபக்கமும் தனித்துப் பிரிக்கப்பட்ட டிசி-டிசி கன்வெர்ட்டர், 30 வாட்
- 2 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், ஹோல்டருடன்
- 24 வோல்ட் ரிலே நான்கு, சாக்கெட்டுடன். ஒவ்வொரு காயிலுக்கும் குறுக்கே டையோடு
- எம்12 முனையுள்ள தயார் கேபிள் 10 மீட்டர், அதற்கு மேல் போட நெளிவு டியூப்
- மஞ்சள், சிவப்பு விளக்குகள், ஒலியளவு மாற்றக்கூடிய பஸ்ஸர்
- 8 மி.மீ. எம்.எஸ். பிளேட், எம்10 போல்ட், நைலாக் நட், நான்கு ரப்பர் மவுண்ட்
- சாய்வு சுவிட்ச் ஒன்று, 5 டிகிரியில் மாறுவது
- ஸ்டியரிங் மூட்டுக்கு, இரும்பு அருகே வந்தால் சிக்னல் தரும் இண்டக்டிவ் ப்ராக்சிமிட்டி சென்சார் இரண்டு

கன்வெர்ட்டரை வீண் செலவென்று பலர் விட்டுவிடுகிறார்கள். 24 வோல்ட் வண்டியில் ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி முனையில் 28 வோல்ட்டைத் தாண்டும். சில சிறிய ஸ்கேனர்களின் உச்ச வரம்பே 28 வோல்ட்தான். ஸ்டார்ட் அடிக்கும்போது அழுத்தம் சட்டென்று விழும். ஸ்கேனர் அணைந்து மறுபடி எழும். ஆல்டர்னேட்டர் ஓடும்போதே பேட்டரி முனை கழன்றால் ஒரு கணம் எழும் அழுத்தம் கருவியை எரித்துவிடும். ஸ்கேனர் போச்சு என்று கொண்டு வருவதில் கணிசமானவை இந்த மின்சாரக் கோளாறுதான், ஒளிக் கோளாறு அல்ல.

எங்கே வைப்பது

பேலோடரில் ரேடியேட்டர் பின்னால் இருக்கிறது. ஃபேன் வெந்த காற்றைப் பின் கிரில் வழியே தள்ளும். அந்தக் காற்றுப் பாதையில் ஸ்கேனரை வைத்தால் இரண்டு கெடுதல்: கருவி தன் வெப்ப வரம்பைத் தாண்டும் (பல கருவிகளுக்கு அது 50 டிகிரி செல்சியஸ், சித்திரை வெயிலில் நிழலிலேயே 40 இருக்கிறது), ஃபேன் கிளப்பும் தூசு முழுக்கக் கண்ணாடியில் படியும். கிரில்லுக்குக் கீழே, கவுண்டர் வெயிட்டின் பின் முகத்தில் இடம் தேடுங்கள். சைலன்சர் வாய் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். கரும்புகை கதிரை மறைக்கும்.

உயரம் தரையிலிருந்து 70 செ.மீ. நடப்பவரின் தொடையில் கதிர் விழும், டயர் பார்க்க உட்கார்ந்தவரின் தோளில் விழும். தரையில் படுத்திருப்பவரை இது பார்க்காது. வண்டி நிழலில் மதியம் தூங்கும் பழக்கம் உள்ள யார்டில் இதை எல்லோருக்கும் சொல்லியே ஆக வேண்டும்: ஸ்டார்ட் செய்யும் முன் வண்டியைச் சுற்றி நடந்து பார்க்கும் பழக்கத்துக்கு எந்தக் கருவியும் மாற்று இல்லை.

ஒரே ஸ்கேனர் என்றால் நடுவில். பின்பக்கம் 180 டிகிரியும் கிடைக்கும், ஆனால் பின் சக்கரங்களின் பக்கவாட்டு தெரியாது. இரண்டு வாங்க முடிந்தால் பின் மூலைக்கு ஒன்றாக வையுங்கள். மூலையில் 270 டிகிரி முழுசாகப் பயன்படும், சக்கரத்தை ஒட்டி நிற்பவரும் தெரிவார். இரண்டு கருவிகளின் கதிர்த் தளத்தையும் 5 செ.மீ. மேல் கீழாக வைத்தால் ஒன்றின் ஒளி மற்றொன்றில் விழுந்து குழப்பாது.

கவுண்டர் வெயிட் வார்ப்பிரும்பு. அதில் வெல்டு வைக்காதீர்கள், விரிசல் விடும். துளையிட்டு எம்10 டேப் போடுங்கள், ஆழம் 25 மி.மீ. ரோப்ஸ் கேபின் சட்டத்தில் துளையும் கூடாது, வெல்டும் கூடாது. வண்டி உருண்டால் ஆபரேட்டர் உயிரைக் காக்க வேண்டிய சட்டம் அது. வேறு எங்காவது வெல்டிங் நடந்தாலும் பேட்டரி முனையையும் ஸ்கேனர் கேபிளையும் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பின்னால் குவியலில் இடித்துக்கொள்வது சாதாரணம். அதனால் ஸ்கேனர், கவுண்டர் வெயிட்டின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் இடிபடக் கூடாது. வழி ஒன்றுதான்: 8 மி.மீ. பிளேட்டில் மேல், கீழ் இரண்டு உதடுகள் வைத்த கூண்டு. நடுவில் கதிர் வெளியேறும் பிளவு. ஸ்கேனர் சாளரத்துக்கு மேலும் கீழும் 30 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பிளவின் உள் விளிம்புக்கு மேட் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். பளபளக்கும் வெட்டு முனை பக்கத்திலேயே ஒரு பொருள் இருப்பதாகக் காட்டும். ரப்பர் மவுண்ட் கெட்டியானதாக இருக்கட்டும். கையால் தள்ளினால் ஸ்கேனர் தலையாட்டுகிறது என்றால் இன்ஜின் ஐடிலில் அது இன்னும் ஆடும்.

கேபிள் கீழ்நோக்கி வெளியேறட்டும், உடனே ஒரு தொங்கு வளைவு கொடுத்து மேலே ஏற்றுங்கள். மழைத் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். எம்12 முனையைக் கைவிரலால் முடுக்கினால் போதும், பிளையர் போட்டால் உள் ஓ-ரிங் நசுங்கித் தண்ணீர் இறங்கும். பெரும்பாலான பேலோடர்களில் கேபின் பின் சட்டத்தில்தான் இருக்கிறது, ஆகவே கேபிள் நடு மூட்டைத் தாண்ட வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் கேபின் முன் சட்டத்தில் இருந்தால், மூட்டில் ஹைட்ராலிக் ஹோஸ் போகும் கட்டோடு சேர்த்து, இரண்டு பக்கமும் முழுக்க மடக்கிப் பார்த்து நீளம் விடுங்கள்.

மட்டம் பிடிப்பது

வண்டியை கான்கிரீட் தளத்தில் நிறுத்துங்கள். பக்கெட் காலி, டயர் காற்று சரியான அளவில். ஸ்கேனரின் மேல் முகத்தில் டிஜிட்டல் மட்டமானியை வைத்து முன்பின், இடவலம் இரண்டிலும் 0.3 டிகிரிக்குள் கொண்டு வாருங்கள்.

பக்கெட் நிறைந்ததும் முன் டயர் அமுங்கிப் பின்பக்கம் எழும். 3 மீட்டர் வீல்பேஸில் மொத்தம் 6 செ.மீ. வித்தியாசம் என்றால் சுமார் 1.1 டிகிரி; 6 மீட்டர் தூரத்தில் கதிர் 12 செ.மீ. உயரும். தொடையிலிருந்து இடுப்புக்குப் போகிறது, பரவாயில்லை. நேர்மாறாக, ரிவர்ஸில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் அமுங்கும், கதிர் தரையை நோக்கிச் சாயும். 70 செ.மீ. உயரத்தில் 3 டிகிரி சாய்ந்தால் கதிர் 13 மீட்டரில் தரையைத் தொடும், 5 டிகிரிக்கு 8 மீட்டர், 6.7 டிகிரிக்கு 6 மீட்டர். குண்டும் குழியுமான யார்டில் 5 டிகிரி ஆட்டம் வருவது அபூர்வமல்ல. அதனால்தான் ஒற்றைத் தள ஸ்கேனரில் எல்லையை 6 மீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. 10 மீட்டர் வைத்தால் பாதுகாப்பு கூடும் என்பது காகிதத்தில் சரி. யார்டில் ஒவ்வொரு குழிக்கும் தரையைப் பார்த்துக் கத்தும்.

எல்லைத் தூரம்: கணக்கு

ஆபரேட்டருக்குச் சொல்லி அவர் பிரேக் பிடிக்கும் ஏற்பாடு இது. நேரம் மூன்று துண்டாகப் போகிறது. ஸ்கேனர் மூன்று சுற்று பார்த்து உறுதி செய்ய 0.2 வினாடி, ஒரு சுற்றுத் தாமதமும் ரிலேயும் சேர்த்து 0.1, ஆக 0.3 வினாடி. பஸ்ஸர் கேட்டு ஆபரேட்டர் கால் பிரேக்கில் போக 1.5 வினாடி. பிறகு பிரேக் தூரம்; தளர்ந்த ஜல்லித் தரையில் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் வேகக் குறைப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 8 கி.மீ. என்றால் வினாடிக்கு 2.22 மீட்டர். முதல் துண்டு 0.67 மீ., இரண்டாவது 3.33 மீ., மூன்றாவது 1.23 மீ. கூட்டினால் 5.2 மீட்டர். மேலே 1 மீட்டர் இடைவெளி வைத்தால் 6.2. மேலே சொன்ன 6 மீட்டர் வரம்பு தாண்டிவிட்டது.

மணிக்கு 5 கி.மீ.க்கு அதே கணக்கு 0.42, 2.08, 0.48, கூட்டினால் 3 மீட்டர், இடைவெளியோடு 4 மீட்டர்.

ரிவர்ஸ் வேகத்தை 5 கி.மீ.யில் கட்டாமல் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமில்லை. முதல் கியரில் ரிவர்ஸைப் பூட்டும் வசதி பல வண்டிகளில் இருக்கிறது. டீலரிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள். உற்பத்தி குறையும் என்று வாதம் வரும். பேலோடர் ஒரு சுற்றில் ரிவர்ஸ் போகும் தூரம் சில மீட்டர்தான், சுற்றுக்குச் சில வினாடி கூடும், அவ்வளவே.

கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது: பின்னால் இருப்பவர் வண்டியை நோக்கி நடந்து வரலாம். நடை வேகத்தை வினாடிக்கு 1.6 மீட்டர் என்று பாதுகாப்புத் தரநிலைகள் வைக்கின்றன. வண்டி நிற்க ஆகும் 2.5 வினாடியில் அவர் 4 மீட்டர் வந்துவிடுவார். சிவப்பு எல்லைக்கு வெளியே மஞ்சள் எல்லை வைப்பது இதற்காக.

ஆக, அளவுகள்: சிவப்பு, பின்னால் 4 மீட்டர், அகலம் டயரின் வெளி விளிம்பிலிருந்து இருபக்கமும் 30 செ.மீ. கூடுதல். மஞ்சள், பின்னால் 6 மீட்டர், கடைசியில் அகலம் 5 மீட்டராக விரியட்டும். சிவப்பை அகலப்படுத்தும் ஆசையை அடக்குங்கள். பக்கத்துக் குவியலைத் தொட்டால் நாள் முழுக்கக் கத்தும். மஞ்சளுக்கு விளக்கு மட்டும், சிவப்புக்கு விளக்கும் பஸ்ஸரும். பஸ்ஸர் ஒலி, கேபின் கதவு மூடி இன்ஜின் முழு வேகத்தில் இருக்கும்போது உள்ளே கேட்கும் இரைச்சலைவிட 10 டெசிபல் கூட இருந்தால் போதும். அதற்கு மேல் வைத்தால் துணி சுற்றி அடைப்பார்கள்.

பேலோடர் நடுவில் மடங்கும் வண்டி. இடது பக்கம் மடக்கி ரிவர்ஸ் எடுக்கும்போது பின் சட்டம் நேராகப் போவதில்லை, அதன் ஒரு மூலை வெளியே வீசும். அதனால் மூன்று எல்லைத் தொகுப்பு வரையுங்கள்: நேர், இடம், வலம். நடு மூட்டில் இரண்டு ப்ராக்சிமிட்டி சென்சார் வைத்து, மடிப்பு 15 டிகிரி தாண்டியதும் ஸ்கேனர் இன்புட்டுக்குச் சிக்னல் போகட்டும். வளைவுத் தொகுப்பின் வடிவத்தை லேப்டாப்பில் ஊகித்து வரையாதீர்கள். வண்டியை முழு மடிப்பில் மெதுவாக ரிவர்ஸ் ஓட்டி, கவுண்டர் வெயிட் மூலைகள் போகும் பாதையைத் தரையில் சுண்ணாம்பால் கோடிட்டு, அளந்து, பிறகு வரையுங்கள். அரை நாள் வேலை, ஆனால் பொய் அலாரத்தில் பெரிய பங்கு இங்கேயே போய்விடும்.

ஹாப்பர் ஏற்றம்

நேர் தரையில் நன்றாக ஓடிய ஏற்பாடு, ஹாப்பருக்கு (மேலிருந்து கல்லைக் கொட்டும் தொட்டி) ஏறும் ரேம்ப்பில் சறுக்கும். பேலோடர் கொட்டிவிட்டு 8 டிகிரி ரேம்ப்பில் பின்னோக்கி இறங்குகிறது. கதிர்த் தளம் ரேம்ப்புக்கு இணையாக, அதாவது அடிவாரத்துச் சமதரையை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஸ்கேனர் பின் அச்சிலிருந்து 2 மீட்டர் பின்னால் நீண்டிருப்பதால், பின் சக்கரம் அடிவாரத்தை எட்டும் நேரத்தில் ஸ்கேனரின் உயரம் சமதரையிலிருந்து 42 செ.மீ.தான். கதிர் 3 மீட்டரிலேயே தரையில் இடிக்கும். சிவப்பு எல்லை 4 மீட்டர். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பஸ்ஸர்.

இதற்காக எல்லா இடத்திலும் சிவப்பைக் குறைப்பது தவறு. சாய்வு சுவிட்ச் வண்டி 5 டிகிரிக்கு மேல் சாய்ந்ததும் நாலாவது தொகுப்பைத் தேர்வு செய்யட்டும்; அதில் சிவப்பு 2.5 மீட்டர், மஞ்சள் இல்லை. அந்தத் தூரத்துக்கு ஏற்ற வேகம் மணிக்கு 2.5 கி.மீ. இறக்கத்தில் வண்டியின் எடை பிரேக்குக்கு எதிராக இழுப்பதையும் சேர்த்துப் பார்த்தால் நிற்க 1.6 மீட்டர் ஆகிறது, கையில் 90 செ.மீ. மிச்சம். ரேம்ப்பில் ஊர்ந்துதான் இறங்க வேண்டும் என்பதை ஆபரேட்டருக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். சுவிட்சுக்கு 2 வினாடி தாமதம் வையுங்கள், இல்லாவிட்டால் குழியில் ஆடும்போதெல்லாம் தொகுப்பு மாறும். முடிந்தால் ரேம்ப் அடிவாரத்தை ஜல்லி போட்டு மெல்ல வளைந்து இறங்குமாறு செய்யுங்கள். டயருக்கும் நல்லது. ரேம்ப் அடிவாரத்துக்கு ஆள் வரவே கூடாது என்று கயிறோ வேலியோ போடுவதும் இதோடு சேர்ந்த வேலைதான்.

பல தளங்களில் ஒரே நேரத்தில் பார்க்கும் நான்கு அடுக்கு ஸ்கேனர்கள் இருக்கின்றன. தரை எது, பொருள் எது என்று அவை பிரித்துக் காட்டும். ரேம்ப் அதிகமுள்ள இடத்துக்கு அவை சரி. விலையும், அமைக்கத் தெரிந்த ஆளும் ஒத்துவந்தால் வாங்குங்கள்.

ஒயரிங்: அறுந்தால் கத்த வேண்டும்

ஸ்கேனர் அவுட்புட்டை "எல்லை காலி என்றால் 24 வோல்ட்" என்று அமையுங்கள். அந்த 24 வோல்ட் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். ரிலே விடும்போது பஸ்ஸர் அடிக்கும். அப்போது ஒயர் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், ஸ்கேனர் செத்தாலும் ஆபரேட்டருக்குத் தெரியும். தலைகீழாக, "ஆள் வந்தால் 24 வோல்ட்" என்று போட்டால் அறுந்த ஒயர் எப்போதும் "காலி" என்றே சொல்லும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், வேலை செய்யாது. இதைவிட மோசமான நிலை இல்லை. பஸ்ஸருக்கும் விளக்குக்கும் மின்சாரம் ஸ்கேனரின் ஃபியூஸிலிருந்து வரக் கூடாது, தனி ஃபியூஸிலிருந்து வரட்டும்.

பஸ்ஸர் ரிவர்ஸில் மட்டும் அடிக்க வேண்டும். அந்தச் சிக்னலை ரிவர்ஸ் ஹாரன் ஒயரிலிருந்து எடுங்கள், ஆனால் நேரடியாக அல்ல. ஒரு ரிலே வைத்து அதன் காண்டாக்டிலிருந்து. ஹாரன் விட்டு விட்டு அடிக்கும் ரகமாக இருந்தால், ஹாரனுக்கு முன்னால், துடிப்பில்லாத இடத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் ஹாரனைக் கழற்ற வேண்டாம்; அது கீழே நிற்பவருக்கு, இது ஆபரேட்டருக்கு.

இதைப் பிரேக்கோடு இணைத்துவிடலாமா என்ற கேள்வி தவறாமல் வரும். நீங்களே இணைக்காதீர்கள். சாதாரணக் கண்டறியும் ஸ்கேனருக்குப் பாதுகாப்புத் தரச் சான்று கிடையாது. உள்ளே ஒரு கோளாறு வந்தால் அது தன்னைத்தானே கண்டுபிடித்து நிறுத்தும் என்ற உறுதி இல்லை. பக்கெட் தூக்கிய வண்டி திடீரென்று நின்றால் கவிழவும் கூடும். தென் ஆப்பிரிக்காவில் மோதல் அபாயமுள்ள சுரங்கங்களில் ஓடும் டீசல் வண்டிகள் தானாக வேகம் குறைந்து நிற்கும் ஏற்பாடு 2022 டிசம்பர் முதல் சட்டக் கட்டாயம். அதை அங்கே வண்டி தயாரிப்பாளரும் கருவி தயாரிப்பாளரும் சேர்ந்து, மோதல் எச்சரிக்கை, தவிர்ப்புக்கான ஐஎஸ்ஓ 21815 தரநிலையை ஒட்டிச் செய்கிறார்கள். யார்டு ஒர்க்‌ஷாப்பில் சொலினாய்டு வால்வு வைத்துச் செய்கிற வேலை அல்ல அது.

புழுதி, மழை, வெயில்

புழுதி கதிரின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், மிச்சம் தாண்டிப் போகும். ஒரே துடிப்புக்கு வரும் பல எதிரொலிகளைப் பிரித்தறியும் கருவியில் கடைசி எதிரொலியைத் தேர்வு செய்யுங்கள். மெல்லிய புழுதியும் மழைத் துளியும் பெருமளவு விலகும். அந்த வசதி இல்லாத கருவியில் இரண்டு வடிகட்டிகள்தான் ஆயுதம்: தொடர்ந்து மூன்று சுற்றில் தெரிந்தால் மட்டும் ஏற்றுக்கொள், 8 செ.மீ.யை விடச் சிறியதை விட்டுவிடு. சுற்று எண்ணிக்கையை ஆறு, எட்டு என்று ஏற்றினால் அலாரம் அடங்கும்தான். ஆனால் வினாடிக்கு 15 சுற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் 0.067 வினாடி போகிறது. எட்டுச் சுற்று என்றால் அரை வினாடிக்கு மேல். மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டு எல்லையை நீட்டாமல் இதைத் தொடாதீர்கள். தண்ணீர் தெளிப்பானை அடிக்கடி ஓடவிடுவது எந்த வடிகட்டியையும்விட மேல்.

தேங்கிய தண்ணீர் கண்ணாடி போலக் கதிரை வேறெங்கோ திருப்பும். சாய்ந்த கதிர் குட்டையில் பட்டு அந்தப் பக்கத்து டிப்பரைத் தரைக்குக் கீழே இருப்பதாகக் காட்டும். பின்னால் வரும் வண்டியின் சிவப்பு ரிஃப்ளெக்டர் அளவுக்கு மீறிப் பிரகாசிக்கும். ஆட்கள் ரிஃப்ளெக்டர் பட்டை போட்ட ஜாக்கெட் அணிவது நல்லது, ஆனால் 70 செ.மீ. உயரத்தில் கதிர் படுவது பேன்ட்டில். கால் பகுதியிலும் பட்டை உள்ள உடையே இங்கு உதவும்.

மாலை வெயில் நேராகச் சாளரத்தில் விழும்போது சில கருவிகள் அந்தத் திசையில் சில கதிர்களை இழக்கும். கூண்டின் மேல் உதட்டை 5 செ.மீ. நீட்டினால் குறையும்.

கண்ணாடி துடைப்பது

கருவி சீக்கிரம் கெடுவது இங்கேதான். சாளரம் பெரும்பாலும் பாலிகார்பனேட். கருங்கல் தூசில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது இரும்பையே கீறும். பனியன் வேஸ்ட்டை எடுத்து உலர்ந்த தூசோடு அழுத்தித் துடைத்தால் சாளரத்தில் நுண்ணிய வட்டக் கீறல்கள் விழும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல மின்னும். ஒவ்வொரு கீறலும் லேசர் ஒளியைச் சிதறடித்து, வெகு அருகில் ஏதோ இருப்பதாகக் காட்டும்.

முறை இது: முதலில் தண்ணீர் ஊற்றித் தூசைக் கழுவி விடுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியை ஈரமாக்கி, அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். சோப்புத் தண்ணீர் சில துளி போதும். தின்னர், பெட்ரோல், டீசல் எதுவும் படக் கூடாது, பிளாஸ்டிக் மங்கிவிடும். வண்டியின் ஏர் டேங்கிலிருந்து காற்று அடிப்பது வசதியாகத் தோன்றும். அந்தக் காற்றில் கம்ப்ரஸர் எண்ணெயும் ஈரமும் இருக்கிறது, சாளரத்தில் படலமாகப் படிந்து அடுத்த தூசை ஒட்ட வைக்கும். வாட்டர் வாஷ் பிரஷர் கன்னை ஒரு மீட்டருக்குள் நேராக அடிக்காதீர்கள். ஐபி67 என்பது தண்ணீரில் முழுகுவதற்கான தரம், உயர் அழுத்தத் தாரைக்கானது அல்ல.

அழுக்கு எச்சரிக்கை வசதி இருந்தால் அதையும் சிவப்பு ரிலேயோடு தொடராக இணையுங்கள். பார்க்க முடியாதபோது பார்க்க முடியவில்லை என்று சொல்லும் கருவிதான் வேண்டும்.

ஒவ்வொரு ஷிப்டும் சோதனை

10 செ.மீ. விட்டமுள்ள பிவிசி பைப், 1.2 மீட்டர் நீளம், மேட் கறுப்புப் பெயின்ட், அடியில் ஒரு தட்டு. இதுதான் சோதனைக் கம்பம். வண்டி நிறுத்துமிடத்தில் தரையில் ஐந்து புள்ளி பெயின்ட் செய்யுங்கள்: பின்னால் நேராக 3.8 மீட்டரில் ஒன்று, 5.8 மீட்டரில் ஒன்று, சிவப்பின் இரு பின் மூலைகளுக்கு 20 செ.மீ. உள்ளே இரண்டு, சிவப்புக்கு வெளியே 50 செ.மீ. தள்ளி ஒன்று. வண்டி நிற்கையில், பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹெல்பர் கம்பத்தை ஒவ்வொரு புள்ளியிலும் வைத்துவிட்டு ஓரமாக விலகிய பிறகே ஆபரேட்டர் ரிவர்ஸ் லீவரைத் தொட வேண்டும். ரிவர்ஸ் போட்டால் வண்டி நகரும் மாடலாக இருந்தால், இன்ஜினை அணைத்து இக்னிஷனில் மட்டும் சோதியுங்கள். கடைசிப் புள்ளியில் பஸ்ஸர் அடிக்கக் கூடாது. அடித்தால் ஸ்கேனர் இடிபட்டுத் திரும்பியிருக்கிறது.

சோதனை முடிந்ததும் ரிவர்ஸ் போட்ட நிலையிலேயே ஸ்கேனரின் ஃபியூஸை ஒரு தடவை பிடுங்குங்கள். பஸ்ஸர் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் யாரோ ஒயரை மாற்றி இணைத்திருக்கிறார்கள், அல்லது பஸ்ஸரைக் கழற்றியிருக்கிறார்கள். திட்டுவதற்கு முன் அவரிடமே எந்த இடத்தில், எந்த நேரத்தில் வீணாகக் கத்தியது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு லேப்டாப்போடு போய், வண்டியை அதே கோணத்தில் நிறுத்தி, எந்தக் கதிர் எதில் படுகிறது என்று திரையில் பார்த்து எல்லையைத் திருத்துங்கள். முதல் மாதம் இந்தத் திருத்தம் வாராவாரம் தேவைப்படும். குவியல்கள் இடம் மாறும்போதும், ரேம்ப்பைத் திருத்தும்போதும், டயர் மாற்றும்போதும் மறுபடி மட்டம் பார்த்து, கம்பத்தை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் வண்டியை வேலைக்கு விட வேண்டும்.